பேய் பாய் கூட்டிப்போன மேட்னி

கோயம்புத்தூரில் பயத்தை வாடகைக்கு விட்ட ஒரே மனிதர் எங்கள் பேய் பாய்தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். தொண்ணூறுகளில் உக்கடம் பக்கம் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். அதன் மேல்மாடியில் நான் குடியிருந்தேன். தெருப் பிள்ளைகள் பேய்க்கதையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாய் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்.

"பயந்தியா கண்ணு?"

"இல்லீங்க பாய்."

"அப்ப நீ ஒழுங்காப் படிக்கலே. மறுபடி கொண்டுபோ. வாடகை வேண்டாம்."

அவர் உயிரையே வைத்திருந்தது சிறுவர் புத்தக வரிசை ஒன்றில் வரும் கிணற்றுப் பேய் மேல். அந்தப் பேய் வாயே திறக்காது. யாராவது தண்ணீர் சேந்தும்போது உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுக்கும். அவ்வளவுதான். அதைப் படித்த பிள்ளைகள் குளியலறை வாளியைத் தொடவே யோசித்தார்கள்.

அந்தப் புத்தகங்களைப் படமாக எடுத்தார்கள். 'குடும்பத்தோடு நடுங்குங்கள்' என்று சுவரெல்லாம் போஸ்டர். பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவையே மேட்னிக்குக் கிளப்பினார். கிணத்துக்கடவிலிருந்து மச்சான் குடும்பத்தையும் வரவழைத்தார். நெஞ்சுவலிக்காரர்கள் வரவேண்டாம் என்று வீடுவீடாகப் போய் எச்சரித்தார். மயங்கி விழுகிறவர்களுக்காகப் பையில் சோடா, வெங்காயம், விசிறி எல்லாம் தயார்.

"அம்மணி, புள்ளைய உங்க பக்கத்துலயே வெச்சுக்கோங்க. கத்துனா வாயைப் பொத்தீருங்க" என்று எதிர்வீட்டுத் தெய்வானை அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதல் காட்சியிலேயே பேய் பேசிவிட்டது. 'வணக்கம் குழந்தைகளே!' என்றது. பிறகு கிணற்றைச் சுற்றி ஆடியது. கதாநாயகியின் மாமியாருக்குப் புடவை மடித்துக் கொடுத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாய் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். பக்கத்தில் இருந்த பாவத்துக்கு நானும் இறங்கினேன்.

மச்சான் கொட்டாவி விட்டபடி கேட்டார்: "ஏனுங்க மச்சான், இதுக்கா வெங்காயம்?"

இடைவேளையில் பாய் திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"எல்லாரும் மன்னிச்சுப்போடுங்க. புஸ்தகம் இப்படி இல்லீங்க. சத்தியமா அது பேசாதுங்க!"

"ஒதுங்குங்க பாய், விளம்பரம் மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கே தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து பாய் தெருவில் குடையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகத்தை மறைக்க வேண்டுமே! கடையில் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. அதற்குள்ளும் குனிந்து வந்தாள் தெய்வானை அக்காவின் மகள்.

"பாய், அந்த டான்ஸ் பேய் புஸ்தகம் இருக்குதுங்களா?"

பாய் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அந்த வரிசையையே கட்டிப் பரணில் போடப் போனார். மாடிப்படி இறங்கி வந்த நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"எதுக்குங்க பாய்? நீங்களே படிச்சுக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்."

"இன்னொருக்கா சிரிச்சாங்கன்னா என்னால தாங்க முடியாதுங்க தம்பி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளையும் என்னையும் சுற்றி உட்கார வைத்துப் படித்தார். தொடக்கத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். கயிறு இழுபடும் இடம் வந்ததும் பாய் நிறுத்திவிட்டார். வெறும் கையால் இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்தக் கை மட்டும் மெல்லக் கீழே போனது. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் தெய்வானை அக்கா கடை வாசலில் நின்று கத்தினார்:

"ஏனுங்க பாய், உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? எம் புள்ளை ஒண்ணுக்குப் போகக்கூடத் தொணைக்குக் கூப்புடறா!"

பாய் கைகூப்பினார். "தப்புத்தானுங்க அம்மணி. நெசமாவே பயந்துட்டுதுங்களா?"

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை. அக்கா போனதும், நானும் ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்த சங்கதியை அவரிடம் சொன்னேன். பாய் என் தோளைத் தட்டிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார், குடை இல்லாமல்.