என் செல்லில் ஒரு தனிக்குடித்தனம்

ஜீடிமெட்லாவில் தடுப்பூசி செய்கிற அத்தனை பேரின் அலட்டலையும் ஒரு தட்டில் வைத்து, தனிக்குடித்தனம் என்கிற ஒரே ஆளை மட்டும் மறுதட்டில் வைத்தால் அவர் பக்கம்தான் தாழும். பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். ஆமாம், பொறாமையில்தான் சொல்கிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆபீசில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, எல்லாருக்கும் அவர் தனிக்குடித்தனம்தான். திருநெல்வேலிக்காரர். வேலையில் சேர்ந்த அன்றே நாற்காலி, மேசை விசிறி, கெட்டில், காபி ஃபில்டர் சகிதம் ஆட்டோவில் வந்து இறங்கினார். லேபுக்கு வெளியே வராந்தா மூலையில் எல்லாவற்றையும் பரப்பினார். கேன்டீன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் கேன்டீன்காரரே அவரிடம் காபி கேட்டு நின்றார்.

நான் செல் வளர்ப்பவள். ஆட்டம்மைத் தடுப்பூசிக்கு வைரஸ் பெருக வேண்டும், அது பெருக உயிருள்ள செல் வேண்டும். குடுவைக்குள் ஊட்டி, சூடு பார்த்து, தளதளவென்று வளர்த்துக் கொடுப்பேன். அவர் வந்து வைரஸை விடுவார். சில நாளில் என் பிள்ளைகள் செத்துக் கிடக்கும், கைதட்டல் அவருக்கு விழும். வயிறு எரியுமா எரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், சொந்த ஃபில்டரோடு. நேரே சமையலறைக்குள் போனார்.

"மேடம், நீங்க உட்காருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

என் கணவர் அவர் போட்ட காபியில் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இத்தனை வருஷமா நாம குடிச்சதுக்குப் பேரு என்ன?" என்று என்னையே கேட்டார். ரோஷத்தோடு அடுத்த சுற்றுக்கு நான் எழுந்தேன்.

"நக்கோ மம்மி, வேண்டாம். அங்கிள் போட்டதே இருக்கட்டும்" என்றாள் மகள்.

பிறகு பட்டான்செருவில் கம்பெனி புது லேப் திறந்தது. தலைமைப் பதவிக்கு எங்கள் இருவரில் ஒருவர். அம்மை வைரஸ் தன் டிஎன்ஏவை எப்படி நகலெடுக்கிறது என்று முதலாளிக்குப் புரியும்படி யார் சொல்கிறாரோ அவருக்குத்தான் நாற்காலி. எனக்கு அது வேண்டும். வாய்விட்டே சொல்கிறேன், ரொம்ப வேண்டும். வண்ண வண்ணமாக ஸ்லைடு போட்டு விளக்கினேன். "பாகுந்தி மேடம்" என்று தெலுங்கில் பாராட்டிவிட்டு முதலாளி கொட்டாவி விட்டார்.

தனிக்குடித்தனம் பெட்டிக்கடை ஷாம்பு சரத்தோடு வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து அவர் பேசியதைத் தமிழிலேயே தருகிறேன்.

"சார், டிஎன்ஏ உள்ள மத்த வைரஸ் பெரும்பாலும் செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போயி, அங்க உள்ள சாமானை இரவல் வாங்கித்தான் நகலெடுக்கும். நம்மாளு ரோஷக்காரன். அந்தப் பக்கமே போக மாட்டான். நகலெடுக்கிற சாமானுக்குக் குறிப்பு அவன்கிட்டயே உண்டு. நியூக்ளியஸுக்கு வெளிய, செல்லோட வராந்தாவுலயே பட்டறை போட்டுருவான். நகலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இப்படிச் சரமா வரும். பெறவு கிழிச்சு, ஆளுக்கு ஒண்ணு."

கிழித்து முதலாளி கையிலும் ஒரு ஷாம்பு கொடுத்தார். முதலாளி குழந்தை மாதிரி சிரித்தார். என் நாற்காலி போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்போ செல்லோட தயவே வேண்டாமா?" என்று முதலாளி கேட்டார்.

"அப்படிச் சொன்னா நாக்கு அழுகிரும் சார். குறிப்புதான் அவனோடது. அதைப் பாத்து சாமான் செஞ்சு கொடுக்கது செல்லுதான். அது இல்லன்னா இவன் வெறும் தூசி. அந்தச் செல்லு மேடம் வளத்தது. வேற யாரு செல்லுலயும் எனக்கு இப்படி விளைஞ்சதில்ல."

பதவி அவருக்கே போனது. அதுவரை அவரை நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் அந்த ஒரு பேச்சில் அதையும் கெடுத்துவிட்டார்.

கிளம்பும் நாளில் நாற்காலி, விசிறி, கெட்டில் எல்லாம் ஆட்டோ ஏறின. ஃபில்டர் மட்டும் என் மேசையில் இருந்தது. சாமானை மறந்து போகிற ஆள் இல்லை அவர்.

பட்டான்செருவில் இப்போது வேறு யாரோ ஒருத்தி செல் வளர்த்து அவர் கையில் கொடுக்கிறாளாம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.