இருநூற்றுப் பதினான்காம் டவரில் உன் வீட்டுக்காரன்

கோபத்தில் குறைவில்லாதவளும், என் ஒரே அக்காவின் ஒரே மகளும், மூன்று வாரமாக யார் போனையும் எடுக்காத வைராக்கியசாலியுமான மிளகாய்க்கு, உன் தாய்மாமனும், உயர் மின்னழுத்தப் பாதையின் மாபெரும் ஃபோர்மேனும், இடது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா உறுப்புகளும் நலமாக உள்ளவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. அங்கே உன் உடம்பும் உன் அம்மாவின் குரலும் குறையாமல் இருக்கும் என்று நம்புகிறேன். அக்காவின் குரல் குறைந்திருந்தால் உடனே தகவல் கொடு. இங்கே விடுமுறை விட்டுவிடுகிறோம்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பப்போவதில்லை. உன் அம்மா நம்பவே மாட்டாள். கண்ணால் பார்த்த நானே பாதிதான் நம்புகிறேன். ஆனாலும் அத்தனையும் உண்மை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். என் தலையில் அல்ல, எங்கள் இன்ஜினீயர் தலையில், அதுதான் பெரியது.

அன்று நீ டிபன் கேரியரோடு வேலை நடக்கும் இடத்துக்கு வந்ததுதான் வினை. டவரில் ஏறுகிறவன் இடுப்புப் பெல்ட்டில் இரண்டு கொக்கி இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது இரும்பைப் பிடித்திருக்க வேண்டும். உன் வீட்டுக்காரனோ ஒரே கொக்கியை வைத்துக்கொண்டு, குரங்குகளுக்கு வகுப்பு எடுப்பவன் மாதிரி ஏறினான். அதைக் கழற்றி மேலே மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவனைப் பிடித்திருந்தது காற்று மட்டும்தான். நீ கீழே நின்று எண்ணினாய். முப்பத்தோரு தடவை. கேரியரை என் கையில் திணித்து, “ரெண்டு கொக்கியும் மாட்டுற ஆளா ஆனப்புறம் வந்து கூப்பிடச் சொல்லு மாமா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினவள்தான். அவன் இறங்கி வந்து, பன்னிரண்டு வருஷமாக ஏறுகிறேன், எனக்கு என்ன ஆகிவிடும் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு உன் பஸ் திருப்பத்தைத் தாண்டும்வரைதான் தாங்கியது.

அதற்குப் பிறகு அவன் விட்ட பெருமூச்சில் நூற்றெண்பதாம் டவருக்கும் அடுத்ததற்கும் நடுவே கம்பி நாலடி தொய்ந்துவிட்டது, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவன் சமைத்ததை நம் நாய்க்கு வைத்தோம். நாய் மூன்று தெரு தள்ளி வீடு பார்த்துக் குடிபோய்விட்டது. உன் சட்டை ஒன்று கொடியில் கிடக்கிறதே, அதைத் தினமும் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டு, இப்போது அது கைக்குட்டை அளவுக்கு வந்திருக்கிறது.

சரி, போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இருநூற்றுப் பதினான்காம் டவரில் கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகள் விரிசல் விட்டிருந்தன, மாற்ற வேண்டியிருந்தது. கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் தரும் லைன் கிளியர் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் காகிதம் எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஏறின ஏழு பேரும் தரையில் நிற்பதை எண்ணிப் பார்த்து நானே திருப்பிக் கொடுக்கும்வரை, ராஜாவே வந்து கெஞ்சினாலும் கம்பியில் ஒரு சொட்டு மின்சாரம் விடமாட்டார்கள். நாலு மணிக்கு வேலை முடிந்தது. எண்ணினேன். ஆறு பேர். வலது பக்கத்திலிருந்து எண்ணினேன், அப்போதும் ஆறு. என்னையும் சேர்த்து எண்ணினேன், ஏழு வந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தால் உச்சியில் உன் ஆள். ஏன்யா இறங்கவில்லை என்றேன்.

“கொக்கி வரமாட்டேங்குது மாமா.”

“எந்தக் கொக்கி?”

வெட்கப்பட்ட குரலில், “ரெண்டாவது.”

விஷயம் இதுதான். அன்று காலையில் யாரிடமும் மூச்சுவிடாமல், தரையிலிருந்தே இரண்டு கொக்கியையும் மாற்றி மாற்றி மாட்டி ஏறியிருக்கிறான். பன்னிரண்டு வருஷம் சும்மா தொங்கின கொக்கி. திடீரென்று வேலை கொடுத்ததும் ரோஷம் வந்து, உச்சியில் போய் ஸ்பிரிங் இறுகி, இரும்பைக் கவ்விக்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்றுவிட்டது. அதன் கோபம் உன் கோபம்தான், வேறு யாருடையதும் இல்லை.

அவன் இறங்காததால் லைன் வரவில்லை. லைன் வராததால் ஏழு நகரங்கள் இருண்டன. ஒரு பல் டாக்டர் பாதி பல்லோடு நிற்க, வாயைத் திறந்த ஆள் நாற்பது நிமிஷம் மூடவே இல்லையாம். ஒரு லிஃப்டில் எதிரெதிர்த் தரப்பு வக்கீல்கள் இரண்டு பேர் மாட்டி, பேசிப் பேசிச் சிநேகிதர்களாகி, பதினெட்டு வருஷ வழக்கு முடிந்தே போனது. ஐஸ் ஃபாக்டரி உருகின தண்ணீரில் ஊரே நீச்சல் கற்றுக்கொண்டது. துணைமின் நிலையத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு போன். இங்கே எங்கள் டிரைவர், பொறுமை இல்லாத மனுஷன், பெல்ட்டையே அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கச் சொல்லிக் கத்துகிறான். நான் விடுவேனா? உயிரின் அருமை தெரியாதவனே என்று அவனுக்கு அரைமணி நேரம் உபதேசம் செய்தேன். கேட்ட ஆறு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேலேயிருந்து அவன் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன். “அவ பார்க்காதப்ப கழட்டினா, மாட்டினதுக்கே அர்த்தம் இல்லை மாமா. லைன் காத்திருக்கட்டும்.”

அவ்வளவுதான், எண்ணெய்க் கேனைப் பல்லில் கவ்விக்கொண்டு, நூற்று நாற்பது அடியை மூன்றே தாவலில் ஏறி, கொக்கிக்கு எண்ணெய் விட்டு, அவனைத் தோளில் போட்டு இறங்கினேன். ஏழு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் மாட்டினால் போதுமா, ஒரு மாசமாவது மாட்டிவிட்டுத்தான் வந்து கூப்பிடுவேன் என்கிறான். புதுக் கொக்கி வாங்கியாச்சு. அவனை மாசக்கணக்கில் காத்திருக்க வைக்காதே, கண்ணு. போனையாவது எடு. உன் கோபம் நூறு வருஷம் வாழட்டும்; ஆனால் அது அவன் எதிரில் உட்கார்ந்து வாழட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்.

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது மனசு கேட்கவில்லை. ஊர் எதுவும் இருளவில்லை. லைன் கிளியர் கொடுக்கும்போதே மின்சாரத்தை வேறு பாதையில் திருப்பிவிடுவார்கள். நாய் இங்கேதான் படுத்திருக்கிறது. இந்த முழங்காலோடு நான் எங்கே ஏறுவது? எண்ணெய், கயிற்றில் கட்டின வாளியில் மேலே போனது. டிரைவர் அன்றைக்கு லீவு. இன்ஜினீயருக்குப் பயந்து, பெல்ட்டை அவிழ்த்துட்டு இறங்குடான்னு மூணு தடவை கத்தினது நான்தான். அவன் அவிழ்க்கலை. அது மட்டும் நிஜம்.