நொடிமுள்ளின் மருந்துக்கடை

நொடி எண்ணுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பல் துலக்கிக்கொண்டே காலால் செருப்பைத் தேடுகிறவர்கள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மிச்சம் பிடித்த நேரத்தில் மேலே நின்று மூச்சு வாங்குகிறவர்கள், 'சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தெருமுனை தாண்டிவிடுகிறவர்கள். பெரும்பாலும் சாதுக்கள். வீட்டாரை மட்டும் படுத்துவார்கள். ஆனால் இவர்களில் ஒருவர் கையில் நாலு பேர் வேலை பார்க்கும் கடை ஒன்று சிக்கினால்? வினை அங்கேதான் ஆரம்பம்.

நம்மவருக்குக் கடை ஆட்கள் வைத்த பெயர் நொடிமுள். நேரில் 'சார்'. இருபத்திரண்டு வருடம் ஒரு பாட்டில் தொழிற்சாலையில், மூடி திருகுகிறவர்களின் தோளுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, மூன்று அசைவில் திருகிய மூடியை இரண்டு அசைவில் திருக வைத்து, பொன்னாடை வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருப்பாரா? நாற்சந்தியில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு மருந்துக்கடையை வாங்கினார். நன்றாக நடக்கிறது என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தான் நடக்குது. ஆனா விஞ்ஞான முறைப்படி நடக்குதா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

முதல் வாரம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அளந்தார். கவுண்டரிலிருந்து அலமாரிக்கு எத்தனை எட்டு, ஒரு நாளைக்கு எத்தனை குனிதல், எத்தனை நிமிர்தல், அட்டையை வெட்டும் கத்தரிக்கோலைத் தேட எத்தனை நொடி, எல்லாம் நோட்டில் ஏறின. அதிகம் விற்கிற மாத்திரைகளைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். கத்தரிக்கோலைச் சரடு கட்டித் தொங்கவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. கவுண்டரில் நிற்கிற அக்காவின் முழங்கால் அவரை வாழ்த்தவே செய்தது.

மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்கா என்பது பதினெட்டு வருடமாக அந்தக் கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர். வருகிற பாட்டியும் அக்கா என்பாள், பாட்டியின் பேத்தியும் அக்கா என்பாள். சீட்டை வாங்கினால் நேரே அலமாரிக்குப் போகிற வழக்கம் அவரிடம் இல்லை. "யாருக்கு மருந்து?" என்பார். "வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்பார். "போன வாரம் இருமிட்டு வந்தீங்களே, நின்னுதா?" என்பார். நொடிமுள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓர் ஆளுக்கு நாலு நிமிடம். அதில் முக்கால்வாசி பேச்சு. மூடிகளுக்கு வாய் இல்லை. இங்கே வருகிறவர்களுக்கு இருந்து தொலைத்தது.

மறுநாள் சுவரில் அட்டவணை ஏறியது. சீட்டு வாங்கு, எடு, வெட்டு, பையில் போடு, நீட்டு. ஐந்து அசைவு, நாற்பத்தைந்து நொடி. 'யாருக்கு மருந்து?' என்ற கேள்வி தனியாக எழுதப்பட்டு, பக்கத்தில் 'நான்கு நொடி, வீண்' என்று குறிக்கப்பட்டு, சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் வேலை இல்லை.

"கேக்காம எப்படி சார் குடுக்கறது?" என்றார் அக்கா.

"டாக்டர் எழுதியிருக்கார்ல? கேக்கறது அவர் வேலை. குடுக்கறது நம்ம வேலை."

"அவருக்கு நேரமில்லைன்னுதான் சார் இங்க வந்து சொல்றாங்க."

"இந்தப் பேச்சுக்கு இருபது நொடி ஆச்சு," என்றார் நொடிமுள்.

அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அப்படியும் இரண்டு வாரத்தில் இரண்டு புள்ளிகள் விழுந்தன. ஒன்று, குழந்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது எப்படி என்று ஒரு தகப்பனுக்குச் செய்து காட்டியதற்கு. இன்னொன்று, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்ததற்கு. அதற்குப் பிறகு அக்கா வாயைக் கட்டிக்கொண்டார். கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விற்பனை முப்பத்தெட்டே நொடியில் முடிந்தபோது நொடிமுள் பூரித்துப்போய் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நொடிமுள்ளின் மாமனார் வந்தார். இரண்டு சீட்டுகளை நீட்டினார். வாங்கி, எடுத்து, வெட்டி, பையில் போட்டாயிற்று, இருபத்தைந்து நொடிதான். நீட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெரியவர் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற விதம் அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. சுவரிலிருந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தார். மகளை நினைத்திருப்பார். பையைக் கீழே வைத்தார்.

"ஐயா, ரெண்டு சீட்டும் உங்களுக்கா?"

"ஆமாம்மா. இதய டாக்டர் குடுத்தது வெள்ளை, இன்னொருத்தர் குடுத்தது மஞ்சள். ஒரு மாசமா தலை சுத்துது. ரெண்டு தரம் பாத்ரூம்ல விழுந்துட்டேன். வயசாச்சுல்லன்னு மாப்பிள்ளை சொன்னார்."

வெள்ளையும் மஞ்சளும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரையைப் பெரியவர் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கி வந்திருக்கிறார். அக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இதய டாக்டருக்குப் போன் போட்டார். மஞ்சளை உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டர். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்றும் சொன்னார். மூலையில் நொடிமுள்ளின் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடியது. பதினோரு நிமிடம். போன மாதம் இதே இரண்டு மாத்திரைகளையும் இதே பெரியவருக்கு விற்க எவ்வளவு ஆயிற்று தெரியுமா? முப்பத்தெட்டு நொடி.

மத்தியானம் நொடிமுள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.

"எங்கப்பா தலை தப்பினது அந்தப் பொண்ணாலதாங்க," என்றாள் மனைவி.

"நான் இல்லைன்னு சொல்லலையே. பதினோரு நிமிஷம் ஆச்சுங்கறதும் நிஜம்தானே?"

அவள் பரிமாறிய கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நொடிமுள்ளைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். மாமனார் மேல் அவருக்குப் பாசம் உண்டு. சிவப்புப் பேனாவைத் திறந்தவர் ஒரு தரம் மூடியும் வைத்தார். ஆனால் சொந்தக்காரர் பிழைத்தார் என்பதற்காகச் சட்டத்தை வளைத்தால் அப்புறம் விஞ்ஞானம் என்ன ஆவது? நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மூன்றாவது புள்ளியை வைத்தார். அக்கா பையை மாட்டிக்கொண்டு, "மஞ்சள் மாத்திரையை யாராவது மறுபடி எழுதிக் குடுத்தா ஐயாவுக்குக் குடுத்துடாதீங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே சாலைக்கு எதிரே இருந்த இன்னொரு மருந்துக்கடையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தம் மகளின், அதாவது நொடிமுள் மனைவியின், கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சாலையைக் கடந்தவர் மாமனார். அப்புறம் இருமல்காரர், சொட்டு மருந்துத் தகப்பன், பாட்டி, பேத்தி என்று ஒவ்வொருவராகக் கடந்தார்கள். நொடிமுள்ளின் நோட்டில் ஓர் ஆள் காத்திருக்கும் நேரம் நாற்பது நொடியானது, பதினைந்தானது, கடைசியில் பூஜ்யமானது. தொழிற்சாலையில்கூட எட்டாத எண். ஸ்டூலில் ஏறி அந்த வரைபடத்தைத் தம் கையாலேயே மாட்டினார். கூப்பிட்டுக் காட்டத்தான் கடையில் யாரும் இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நேற்று சாயங்காலம் உங்கள் அம்மா போன் செய்து, 'சாப்பிட்டியா, அங்க மழையா' என்று ஆரம்பித்தபோது, 'விஷயத்தைச் சொல்லும்மா' என்றீர்களே? அவரும், 'ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்' என்று வைத்துவிட்டாரே. என்ன சொல்ல வந்தார் என்று தெரியுமா உங்களுக்கு?