பதினேழாம் நாள் பதில்

செத்துப் பதினேழு நாளான மொக்கையன், அன்று காலை பத்து நாற்பதுக்குப் பதில் போட்டிருந்தான்.

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த சண்முகவேல், செல்போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். பதில் மறைந்து போகாமல் அங்கேயேதான் இருந்தது.

'கரிசல் முரசு' என்கிற இணையச் செய்தித்தாள். பெண்களுக்கு இலவச பஸ் பற்றிய செய்தி. அதற்குக் கீழே, வாசகர் கருத்துப் பகுதியில், மொக்கையன் சிரிக்கிற படம். பக்கத்தில் 'கண்மாய்க்கரை மொக்கையன்' என்ற பெயர். அதற்கும் கீழே இரண்டு வரி.

"பதினாறு நாள் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்."

முந்தின நாள்தான் பதினாறாம் நாள் கருமாதி. பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தவர் சண்முகவேல்.

இந்தச் சண்முகவேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பது வருடமாக மனு எழுதுகிறார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று ஊரில் யாருக்கு என்ன பிராது இருந்தாலும் அவர் பேனாவுக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொரு மனுவின் அடியிலும் 'பணிவன்புடன்' என்று எழுதி எழுதி மனுஷனுக்கு அலுத்துப் போய்விட்டது. அதனால் சாயங்காலம் நரிக்குடி பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பியதும், முகம் கழுவிவிட்டு நேராகக் கரிசல் முரசின் கருத்துப் பகுதிக்குள் இறங்கிவிடுவார். அங்கே பணிவும் கிடையாது, அன்பும் கிடையாது.

அங்கே அவருக்கு எதிரி மொக்கையன். ஒரே ஊர்க்காரன், ஆடு வளர்க்கிறவன். நாலு வருடமாக அவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மறுப்பு எழுதிவிடுவான். அதுவும் சும்மா இல்லை. சின்ன வெங்காயம் என்றைக்கு என்ன விலை, ரேஷன் பருப்பில் கல் எத்தனை, நரிக்குடி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்காமல் போகிறது என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பான்.

ஆனால் நேரில் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டான். காலையில் டீக்கடை பெஞ்சில் சண்முகவேல் சீண்டிப் பார்ப்பார்.

"ஏலே, நேத்து நான் போட்டதுக்கு ஒங்கிட்டப் பதில் இருக்கா?"

"அத அங்க பேசிக்கிருவோம். டீ ஆறுது, குடி."

பேப்பரை நீட்டினால் அதையும் வாங்க மாட்டான். "நீயே வாசிலே. ஒன் வாயால கேட்டாத்தான் சேதி சேதியா இருக்கு" என்பான். சண்முகவேலுக்கு அதில் ஒரு பெருமை. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை வாசிப்பார்.

அப்படிப்பட்டவனுக்குத்தான், இலவச பஸ் விவாதத்தில் சூடேறிப்போய், ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் இப்படி எழுதினார்: "நீ செத்தால்தான் இந்தத் தொகுதி உருப்படும்."

மறுநாள் விடியற்காலை மொக்கையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான்.

தொகுதி உருப்பட்டதற்கு எந்த அறிகுறியும் இல்லை. சண்முகவேலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. சொல்லிக் கொன்றுவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கரிசல் முரசில் ஒரு தடவை எழுதியதை அழிக்கவும் வழியில்லை. மொக்கையன் பெண்டாட்டி பெத்தம்மாள் என்றைக்காவது புருஷன் போனை எடுத்துப் பார்த்தால்? 'அண்ணே அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பொம்பளை முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது?

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். மயானத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில், சாவு வீட்டுக் கொடியில் தொங்கிய மொக்கையன் சட்டைப் பையிலிருந்து போனை உருவினார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். குழியை மூடி மேடு கட்டும்போது, "குடுங்கப்பா, நானும் ரெண்டு மண்ணு போடுறேன்" என்று மண்வெட்டியை வாங்கி, தலைமாட்டில் ஒரு முழ ஆழத்தில் அதைப் புதைத்துவிட்டார். என்ன பாசம் என்று ஊரே உச்சுக் கொட்டியது.

அந்தப் போன்தான் இப்போது பேசுகிறது.

பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹாஜா நஜ்முதீனிடம் போனார்.

"ஹாஜா, மண்ணுக்குள்ள டவர் கெடைக்குமா?"

"எம்புட்டு ஆழம்?"

"ஒரு மொழம்."

"கெடைச்சாலும் சார்ஜு நிக்காதேண்ணே. ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. யாரு போனு?"

"தெரிஞ்ச பையன்."

"வெளிய எடுத்துட்டானா?"

"இன்னும் போனும் வெளிய வரல, பையனும் வெளிய வரல" என்றார் சண்முகவேல்.

ஹாஜா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

மரத்தடிக்கு வந்து மொக்கையன் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்' என்று ஒரு பெண் குரல் சொன்னது. எந்த எல்லை என்று அவள் சொல்லவில்லை. 

அந்த நேரம் பார்த்துப் பெத்தம்மாள் வாரிசுச் சான்றுக்கு மனு எழுத வந்தாள். காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். எழுதி முடிக்கிற வரைக்கும் அவள் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது கேட்டாள்.

"அண்ணே, அவுக போனு எங்கிட்டும் காங்கல. நீங்க பாத்தீகளா?"

"இல்லையே தங்கச்சி" என்றார். அப்புறம் தண்ணீர் குடித்தார். 

பதில் போடாமல் இருந்துவிட்டால் அடங்கிவிடும் என்று முடிவு செய்தார். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் மொக்கையனே எழுதினான்.

"ஏன் மௌனம்? நான் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கன்னம் ஒட்டிவிட்டது. உங்கள் மேசைக்கு நேர் மேலே ஒரு கிளை பட்டுப்போய் நிற்கிறது. தள்ளி உட்காரவும்."

சண்முகவேல் அண்ணாந்து பார்த்தார். கிளை பட்டுப்போய்த்தான் நின்றது. மேசையை நாலடி தள்ளிப் போட்டார். மறுநாள் மத்தியானம் அடித்த காற்றில் அந்தக் கிளை முறிந்து, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் விழுந்தது. மரத்தடியில் இருந்தவர்கள், "நல்ல வேள, நேத்துத்தான் எடம் மாறுனீக" என்றார்கள். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. 

சரி, அவன் கட்சிக்கே போய்விடலாம் என்று பார்த்தார். "இலவச பஸ் நல்ல திட்டமே. இதுவரை நான் சொன்னது அனைத்தும் தவறு" என்று எழுதினார். அவ்வளவுதான். நாலு வருடமாக அவருக்குக் கைதட்டிய 'அருப்புக்கோட்டை அனல்' என்கிற ஆள், "துரோகி, எந்தப் பக்கம் விலை போனாய்?" என்று பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இருபத்தேழு பேர் வரிசையாக வந்து திட்டினார்கள். மொக்கையன் ஒரே வரி எழுதினான்.

"பயந்து ஒத்துக்கொள்பவரிடம் ஜெயித்து எனக்கு என்ன ஆகப் போகிறது?"

தெரிந்துவிட்டது. பயந்திருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் சண்முகவேல் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தார். மனு எழுதினார். கரிசல் முரசில், தேங்காய் விலை பற்றிய செய்திக்குக் கீழே, சம்பந்தமே இல்லாமல் அது வெளியானது.

"அனுப்புநர்: சண்முகவேல். பெறுநர்: உயர்திரு. மொக்கையன் அவர்கள். பொருள்: எழுதிய வார்த்தை ஒன்றைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். அன்று சாயங்காலம் நான் எழுதியது கோபத்தில் எழுதியதே அன்றி மனதார எழுதியது அல்ல. தங்கள் பதிவேட்டிலிருந்து அதை நீக்கி, என்னை நிம்மதியாக உறங்க விடுமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"மனு கிடைத்தது. இது எழுத்தில் தீர்கிற விஷயம் இல்லை. நேரில் வரவும். நான் கண்மாய்க்கரையில்தான் இருக்கிறேன். உச்சிப்பொழுதில் இங்கே எல்லாம் அடங்கிக் கிடக்கும். அப்போது வந்தால் பேசலாம்."

மயானமும் கண்மாய்க்கரையில்தான் இருக்கிறது.

மறுநாள் சண்முகவேல் வேலைக்குப் போகவில்லை. போனைத் தோண்டி எடுத்து, கல்லில் வைத்து நசுக்கிவிட்டால் அவன் எதை வைத்து எழுதுவான் என்று யோசித்துத் தெளிந்திருந்தார். களைக்கொத்தை எடுத்துத் துண்டில் சுற்றினார். அவர் மனைவி தங்கலட்சுமி பார்த்துவிட்டாள்.

"மனு எழுதுறவுகளுக்குக் களக்கொத்து எதுக்கு?"

"ஒரு விசயத்தத் தோண்ட வேண்டியிருக்கு."

"சாப்புட வருவீகளா?"

"வந்தா வாரேன்" என்றார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசி வெயில். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருவேல மரங்கள் ஒரு இலைகூட அசையாமல் நின்றன. காக்கை கத்தவில்லை. தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்க, சண்முகவேல் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மொக்கையன் மேட்டில் பாலூற்றின கலயம் அப்படியே கிடந்தது.

"மொக்கையா, மன்னிச்சிருடா. ஒன்னைய ஒன்னும் செய்ய மாட்டேன். போன மட்டும் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டில் கொத்தினார்.

நாலாவது கொத்தில் பிளாஸ்டிக் பை தெரிந்தது. எடுத்துப் பிரித்தார். போன் செத்துக் கிடந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் உயிர் இல்லை. அவர் நிம்மதியாக மூச்சு விடப் போன நேரத்தில், அவருடைய சட்டைப் பையில் இருந்த போன் துடித்தது.

எடுத்துப் பார்த்தார். கண்மாய்க்கரை மொக்கையன்.

"பார்த்துத் தோண்டவும். அந்த இடத்தில் முள் கிடக்கிறது."

சண்முகவேலுக்கு ஓடத்தான் ஆசை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். பின்னால் சருகு நொறுங்கியது. கருவேலம் புதரிலிருந்து முதலில் ஒரு ஆடு வந்தது. அப்புறம் இன்னொரு ஆடு. அப்புறம், தலையில் துண்டும் கையில் தொரட்டிக் கம்புமாகப் பெத்தம்மாள் வந்தாள்.

"வந்துட்டீகளாண்ணே. இங்கிட்டு என்ன தோண்டுறீக?"

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துவிட்டார். இருபது நாளுக்கு மேலாக மனசில் கிடந்ததெல்லாம் கொட்டியது. சாகச் சொல்லி எழுதியது, விடிவதற்குள் அவன் செத்தது, போனைத் திருடியது, புதைத்தது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் சொல்லித்தான் அவன் செத்தான் தங்கச்சி. இப்ப என்னைய விட மாட்டேங்கான். இந்தா, இப்பக்கூட எழுதுறான். முள்ளு கெடக்காம்."

பெத்தம்மாள் மண் ஒட்டிய போனை வாங்கிச் சேலையில் துடைத்தாள். "பாட்டா ஏத்தி வச்சிருந்தாக, பாவம்" என்றாள். அப்புறம் இடுப்பிலிருந்து இன்னொரு போனை எடுத்துக் காட்டினாள்.

"முள்ளு கெடக்கத்தானண்ணே செய்யுது. கரையில நின்னு பாத்துட்டுத்தான் போட்டேன். சத்தம் குடுத்தாத் திடுக்குனு ஆயிருமேன்னு எழுதிப் போட்டேன்."

சண்முகவேல் அந்தப் போனைப் பார்த்தார். அதில் மொக்கையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீயா எழுதுன?"

"நாலு வருசமா நாந்தான். ஆடு மேய்க்கிற எடத்துல வேற என்ன சோலி? பொம்பள பேருல எழுதுனா, பஸ்ஸப் பத்திப் பேசாம நம்ம சேலையப் பத்திப் பேசுறானுக. அதான் அவுக பேரு, அவுக படம். அவுகளுக்குத்தான் எழுத்துக்கூட்டக்கூட வராதே, ஒங்களுக்குத் தெரியாதா? நேர்ல வந்தா, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லலாம்னுதான் வரச் சொன்னேன்."

சண்முகவேல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். டீக்கடையில் அவன் பேப்பரை வாங்காத காலையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்கு நெஞ்சு லேசானது. சிரிப்புக்கூட வந்தது, பாதி அழுகையோடு.

"அப்ப நான் எழுதுனத அவன் படிக்கவே இல்ல. அந்த வார்த்த அவன்கிட்டப் போகவே இல்ல. அப்படித்தான தங்கச்சி?"

பெத்தம்மாளும் லேசாகச் சிரித்தாள். மேட்டில் ஏறி மேய்ந்த ஆட்டைத் தொரட்டியால் விலக்கிவிட்டு, கலயத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"அவுக எங்கண்ணே படிச்சாக, நாந்தான் அன்னைக்கு ராத்திரி வாசிச்சுக் காட்டுனேன், 'ஒன்னையவாடி சாகச் சொல்லுறான், சரி விடு, ஒனக்குப் பதிலா நான் போயிட்டு வாரேன்'னு சிரிச்சுக்கிட்டே படுத்தாக."