பண்டி கடிச்ச துவக்கு

படம் வட்ஸ்அப்பில் ஏறி நாலு நிமிடம்கூட ஆகவில்லை, தலைவர் அலெக்ஸாண்டர் போன் எடுத்துவிட்டார்.

"மூர்த்தி, உந்தப் படம் உமக்கு எங்காலை?"

விநாயகமூர்த்திக்குப் பகீரென்றது. தலைவர் பாராட்டத்தான் எடுக்கிறார் என்று நம்பி, அடுப்படியில் நின்ற மனைவிக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தார். கமலாம்பிகை வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடை அப்பாதான் அண்ணை. அறுபத்தோராம் ஆண்டு எடுத்தது."

"அப்பாவைக் கேக்கேல்லை. அவற்றை கையிலை இருக்கிற துவக்கைக் கேக்கிறன். பிடியைப் பெருப்பிச்சுப் பாரும். பல்லுத்தடம் தெரியுதோ?"

மூர்த்தி விரலால் விரித்துப் பார்த்தார். தெரிந்தது. துவக்கின் மரப்பிடியில் அரைவட்டமாக ஒரு கடி. இத்தனை வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த படம், ஆனால் அவர் பார்த்ததெல்லாம் அப்பாவின் மீசையை மட்டும்தான்.

"அது எங்கடை அப்புவின்ரை துவக்கு," என்றார் அலெக்ஸாண்டர். அவருடைய குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று மூர்த்தி நினைத்தார். வேறெப்படி நினைப்பது?

மூர்த்திக்கு ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனபிறகு மனிதருக்குத் துவக்கில் ஒரு பைத்தியம் பிடித்தது. படித்து, சோதனை எழுதி, அதில் ஒருதரம் கோட்டைவிட்டு, மறுபடி எழுதி லைசென்ஸ் எடுத்தார். 'துவக்கு நண்பர்கள்' குழுவில் சேர்ந்தார். பதினெட்டுத் தமிழர்கள். சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே போய்க் கடதாசியில் கீறிய வட்டங்களைச் சுட்டுவிட்டு, வரும் வழியில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் நவம்பர் மாதம் வடக்கே காட்டுக்குள் மரவீடு ஒன்று எடுத்து மான்வேட்டைக்குப் போவார்களே, அதுதான் விசேஷம். அந்த மரவீட்டில் எட்டே எட்டுக் கட்டில். மூர்த்தி இரண்டு வருடமாக ஒரு கட்டிலுக்காகக் காத்திருக்கிறார். இந்த வருடம் ஒருவருக்கு முழங்கால் ஒப்பரேஷன். ஒரு கட்டில் காலி. அது யாருக்கென்று முடிவு செய்வது அலெக்ஸாண்டர்.

அலெக்ஸாண்டருக்கு வேட்டையைவிடப் பரம்பரை பெரிது. ஊர்காவற்றுறையில் பேர்போன வேட்டைக்காரராம் அவருடைய தாத்தா, அப்பு நீக்கிலாப்பிள்ளை. வன்னிக் காட்டில் பன்றி பாய்ந்தபோது துவக்குப் பிடியை அதன் வாய்க்குள் கொடுத்துத் தப்பினவராம். அந்தத் துவக்கு இப்போதும் அலெக்ஸாண்டர் வீட்டுச் சுவரில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பார்க்கலாம், தொடக்கூடாது. ஊரில் அவனும் இவனும் எத்தனை தரம் வீடு சோதித்தார்கள், எத்தனை சென்றியில் மறித்தார்கள், ஒருவரும் அதைப் பறிக்கவில்லை. கொழும்பு விமான நிலையமும் விட்டது, ரொறன்ரோவும் விட்டது. மூர்த்தியின் நகவெட்டியையே பறித்து வைத்துக்கொண்ட விமான நிலையங்கள் அவை! "எல்லாம் அப்புவின்ரை ஆசீர்வாதம்," என்பார் அலெக்ஸாண்டர்.

இந்த மாதம் அவர் போட்ட கட்டளை: எல்லோரும் துவக்கோடு உள்ள பழைய குடும்பப் படம் ஒன்றும், கூடவே ஒரு சின்னவயது நினைவும் போடவேண்டும். போடாதவனுக்குக் கட்டில் இல்லையென்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

மூர்த்தியின் வீட்டில் அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். கலியாணம் பேசும்போது பெண்வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்த படம். கோட், ரை, சப்பாத்து எல்லாம் இரவல். கையில் துவக்கு. அதுவும் யாரோ வேட்டைக்காரனிடம் ஒரு நிமிடம் வாங்கிப் பிடித்ததாயிருக்கும் என்றுதான் மூர்த்தி நினைத்திருந்தார். பின்னால் தொங்கின திரையில் கீறியிருந்த நீர்வீழ்ச்சியைப் போனிலேயே வெட்டிவிட்டு, 'வேட்டைக்குப் புறப்படும் எங்கள் தந்தையார்' என்று எழுதிப் போட்டுவிட்டார். அந்த யாரோ வேட்டைக்காரன் தலைவருடைய அப்புவாக இருந்து தொலைப்பார் என்று கனவா கண்டார்?

"என்ன மூர்த்தி, பேச்சுமூச்சைக் காணேல்லை?"

"அது வந்து அண்ணை, அப்பாவும் உங்கடை அப்புவும் சிநேகிதர்." வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "ஒண்டாய் வேட்டைக்குப் போறவை."

கட்டில் போச்சு என்று மூர்த்தி முடிவு கட்டிவிட்டார்.

"ஓம்!" என்று திடீரென்று கத்தினார் அலெக்ஸாண்டர். "ஓமோம்! அப்பு சொல்லுறவர்! யாழ்ப்பாணத்திலை ஒரு சிநேகிதன், துவக்கை இரவல் குடுக்கிற அளவுக்குச் சிநேகிதன் எண்டு!"

மூர்த்தி போனையே உற்றுப் பார்த்தார். அரை நிமிடத்துக்கு முன் தான் உண்டாக்கின பொய்யை, நாற்பது வருடத்துக்கு முன் செத்துப்போன மனிதர் எப்படி ஐயா சொல்லியிருப்பார்?

போனை வைத்ததும் கமலாம்பிகை ஆரம்பித்தாள். "மாமா வேட்டைக்குப் போனவரோ? கோயிலிலை வாணம் விட்டால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியாற மனிசன்."

"நீர் சும்மா இரும். ஒரு கட்டில் விசயம்."

"வீட்டிலை கட்டில் இல்லாத மாதிரி."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில், குழுவிலேயே பெரிய துருவல்காரனான நிசாந்தன் கேட்டிருந்தான்: "மூர்த்தி அண்ணை, படத்திலை இடப்பக்க மூலையிலை ஒரு அன்னத்தின்ரை தலை தெரியுதே, அது என்ன?"

நீர்வீழ்ச்சியை வெட்டின மூர்த்தி, அதன் அடியில் நீந்தின அன்னத்தைக் கவனிக்கவில்லை. "அது கொக்கு," என்று எழுதினார்.

"கொக்குக்குக் கழுத்து உப்பிடி வளையுமோ?"

வேலைத்தலத்தில் பாண் ஒருபக்கம் வரிசையாக வந்துகொண்டிருக்க, மூர்த்தி கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினார்: "வன்னிக் குளங்களிலை அந்த நாளையிலை அன்னம் இருந்தது." எழுதிவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

மற்றப் பதினாறு பேரும் சிரிப்புப் படம் போடுவதற்கு முன்னமே அலெக்ஸாண்டர் வந்துவிட்டார். "இருந்தது. அப்பு கண்டவர்."

"அப்ப வேட்டைக்குக் கோட்டும் ரையும் என்னத்துக்கு?" நிசாந்தன் விடுகிறவனா?

"ஒரு வெள்ளைக்காரத் துரையோடை போனவை," என்றார் மூர்த்தி. "துரைக்கு ரை இல்லாமல் வாறவையைப் பிடிக்காது."

"ஓம், துரையின்ரை பேர் எனக்கு வாயிலை நிக்குது," என்றார் அலெக்ஸாண்டர்.

மூர்த்திக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொய் சொல்கிறவனை யாராவது மறித்தால்தானே அவன் நிற்பான்? இந்த மனிதர் மறிப்பதை விட்டுவிட்டுப் பின்னால் நின்று தள்ளுகிறாரே!

பின்னேரம் மறுபடி அலெக்ஸாண்டரின் போன். "மூர்த்தி, ஞாயிற்றுக்கிழமை எங்கடை வருடாந்தச் சாப்பாடு. நான் துவக்கைக் கண்ணாடிப் பெட்டியோடை கொண்டுவாறன். நீர் அந்தப் படத்தை, போனிலை இல்லை, அசல் படத்தைக் கொண்டுவாரும். பக்கத்திலை வைப்பம். நீர் ஒரு பதினைஞ்சு நிமிசம் பேசும்."

"என்னத்தை அண்ணை பேசுறது?"

"பண்டி கடிச்ச கதையை. அண்டைக்கு உம்மடை அப்பா பக்கத்திலை நிண்டவர்தானே?"

"நிண்டவரோ?"

"நிண்டவர்," என்றார் அலெக்ஸாண்டர். "நானே எத்தினை நாளைக்குத்தான் சொல்லுறது? நேரிலை கண்ட ஆளின்ரை மகன் சொன்னால் அதின்ரை மதிப்பு வேறை. யன்னல்கரைக் கட்டில் உமக்குத்தான். ஆனால் கதை வடிவாய் வரவேணும், விளங்குதோ? மட்டன் ரோல்ஸும் உம்மடை பொறுப்பு."

யன்னல்கரைக் கட்டில்! விடிய எழும்பினால் படுத்தபடியே மான் பார்க்கலாமாம். "ஓம் அண்ணை," என்றார் மூர்த்தி.

ரோல்ஸ் செய்யச் சொல்வதற்காக டோர்செட் பார்க்கில் வேரோனிக்கா அக்காவின் வீட்டுக்குப் போனார். பதினாலாம் மாடி, எழுபது வயது, மட்டன் ரோல்ஸுக்கு அவவை விட்டால் ஆளில்லை. யாழ்ப்பாண ரவுணில் பிறந்து வளர்ந்தவ.

"எத்தினை பேர் தம்பி?"

"குடும்பங்களோடை ஒரு அறுபது பேர் அக்கா. துவக்கு வைச்சிருக்கிற ஆக்களின்ரை ஒன்றுகூடல்."

"துவக்கோ!" அக்கா சிரித்தா. "எங்கடை வீட்டிலையும் ஒண்டு இருந்தது. சின்னனிலை நான் அதோடைதான் விளையாடுறது."

மூர்த்திக்கு அலுத்துவிட்டது. ரொறன்ரோவில் இப்போது பரம்பரையில் துவக்கில்லாத தமிழர் ஒருவர்கூட மிச்சமில்லை போலிருக்கிறது. "ஓம் அக்கா, ஓம். உறைப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை அசல் படத்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். போனில் வெட்டினதெல்லாம் இதில் அப்படியே இருந்தது. நீர்வீழ்ச்சி, அன்னம், பூச்சாடி, திரையின் சுருக்கம்கூட. நிசாந்தனின் கண்ணில் இது பட்டால்? மூர்த்தி கத்தரிக்கோலை எடுத்தார். நீர்வீழ்ச்சி போனது. அன்னம் போனது. அன்னத்தோடு அப்பாவின் ஒரு சப்பாத்தும் போனது.

"ஐயோ, என்ன வேலை பாக்கிறியள்!" கமலாம்பிகை ஓடிவந்தாள். "வீட்டை விட்டு ஓடேக்கை மாமி நகையைக்கூட மறந்துபோட்டு வந்தவ. இந்தப் படத்தை மறக்கேல்லை. அதைக் கொண்டந்து ஒரு கட்டிலுக்காக வெட்டுறியளே, உங்களுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்கோ?"

மூர்த்தி துண்டுச் சப்பாத்தைப் படத்தோடு பொருத்திப் பார்த்தார். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா என்று நினைத்தார். கமலாம்பிகை வெட்டின துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம், மோர்னிங்சைட்டில் ஒரு மண்டபம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் துவக்கு, பக்கத்தில் ஒற்றைச் சப்பாத்தோடு அப்பா. மூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"எங்கடை அப்பாவும் நீக்கிலாப்பிள்ளை ஐயாவும் காட்டுக்குள்ளை போய்க்கொண்டிருக்கேக்கை, இடப்பக்கத்தாலை ஒரு பண்டி..."

"வலப்பக்கம்," என்றார் முன்வரிசையில் இருந்த அலெக்ஸாண்டர்.

"வலப்பக்கத்தாலை ஒரு பண்டி. அப்பா உடனை..." கமலாம்பிகையின் கண்ணைச் சந்திக்காமல் மூர்த்தி கூரையைப் பார்த்தார். "அப்பா கொஞ்சமும் பயப்பிடேல்லை."

மூன்றாம் வரிசையில் கமலாம்பிகைக்குப் புரையேறியது.

"'நீக்கிலா, துவக்கை வாய்க்குள்ளை குடு!' எண்டு கத்தினவர். ஐயா குடுத்தார். பண்டி கடிச்ச கடியிலை காடே அதிர்ந்தது. அந்தப் பல்லுத்தடம்தான் நீங்கள் இதிலை பாக்கிறது."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நிசாந்தன்கூடத் தட்டினான். அலெக்ஸாண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து மூர்த்தியைக் கட்டிப்பிடித்து, யன்னல்கரைக் கட்டில் இனி மூர்த்தி குடும்பத்துக்கே நிரந்தரம் என்று அறிவித்தார். மூர்த்திக்கு ஒரு கிழமைக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கோ, இதோடை முடிஞ்சுது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வேரோனிக்கா அக்கா ரோல்ஸ் தட்டோடு வந்தா. தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தா. வைத்தவ நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் குனிந்து பார்த்தா. பிறகு படத்தைப் பார்த்தா. மறுபடி பெட்டியைப் பார்த்தா.

அலெக்ஸாண்டர் மூர்த்தியை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"கிட்டப் போகாதேங்கோ அக்கா! பழைய சாமான், வெடிச்சாலும் வெடிச்சுப்போடும்!"

மைக் இன்னும் மூர்த்தியின் கையில் திறந்தபடியே இருந்தது. அக்காவின் குரல் மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் கணீரென்று கேட்டது.

"முள்முருக்கங் கட்டை எங்கை தம்பி வெடிக்கிறது? பண்டியும் கடிக்கேல்லை ஒண்டும் கடிக்கேல்லை, உது மூண்டு வயசிலை நான் கடிச்ச அடையாளம். எங்கடை அப்பாவின்ரை படம் பிடிக்கிற ஸ்டூடியோவிலை நாட்டுக்கூத்துக்கெண்டு உதை இரவல் வாங்கிக்கொண்டு போன உங்கடை அப்பு இன்னும் திருப்பித் தரேல்லை!"