என்.ஜி. அண்ணனும் ஏழரை மணி சீரியலும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் சரியில்ல, ஓரமா வை" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் என்.ஜி. அண்ணன்தான்.

வல்லம் வடகாலில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் சாத்தூரிலிருந்து வந்து அதே லைனில் நின்ற டிரெயினி. நல்ல பீஸ் வந்தால் 'ஓகே', பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி. ஆகாத பீஸ் என்றால் 'என்.ஜி.', அதாவது நாட் குட், சிவப்புப் புள்ளி. அவர் சட்டைப் பையில் இரண்டு மார்க்கரும் எப்போதும் இருக்கும். சிவப்பு அடிக்கடி தீர்ந்துபோகும்; பச்சை, வாங்கிய நாள் போலவே இருக்கும். கேன்டீன் இட்லி என்.ஜி. கம்பெனி பஸ் என்.ஜி. ஒரகடத்தில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையில், நான் பாடுபட்டு இஸ்திரி போட்ட சட்டையின் காலரிலும் ஒரு நாள் சிவப்புப் புள்ளி இருந்தது. "ரீவொர்க் பண்ணுடா" என்றார். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருத்தியை ஓகே செய்தார். பேக்கிங் செக்‌ஷன் செல்வி, வடக்குப்பட்டுப் பெண். செல்விக்கும் அவரைப் பிடித்திருந்தது. குறுக்கே வந்தது சாதியும் இல்லை, ஜாதகமும் இல்லை. ஏழரை மணி சீரியல்! மனுஷனுக்கு நேரமே ஏழரை.

அண்ணன் பிறந்தது மணிமங்கலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னச் சபையைச் சேர்ந்த குடும்பத்தில். கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு. வெள்ளைதான் உடுக்க வேண்டும். நகை கூடாது, டி.வி. கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகவே கூடாது. அண்ணன் மூன்று ஞாயிறு ஓ.டி. பார்த்தார். சபை அவரை விலக்கிவிட்டது. இதே மாதிரி ஒரு சபையைப் பற்றித்தான் அந்த சீரியல். செல்வியின் அம்மா கன்னியம்மா அதை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர். அதில் பெரியவர் ஒருவர் வருவார். அவர் தலையைத் திருப்பினாலே மூன்று தடவை இடி இடிக்கும். வீட்டுக்கு வந்த மருமகளைப் பாதாள அறையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள்.

"சாமி வேறன்னா பரவால்லடி, எந்த சாமி வந்து நம்மள கேக்கப் போவுது?" என்று கன்னியம்மா மகளிடம் சொல்லியிருக்கிறார். "ஆனா அந்தக் கும்பல்ல உன்னக் குடுத்துட்டு, சங்கிலியும் கையுமா பாக்க என்னால ஆவாது. மொதல்ல சீரியல் முடியட்டும். அந்தப் பொண்ணு உசுரோட வெளிய வர்தான்னு பாத்துட்டு சொல்றேன்."

சீரியல் முடிந்து நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

சபையை விட்டு வந்த பிறகும் அவருக்கு டி.வி. பழகவில்லை. என் போனில்தான் முதன்முதலாக சீரியல் பார்த்தார். இடி இடித்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். விஷயம் விளங்கியதும் அவருக்கு வந்ததே கோபம்!

"இன்னாடா இது! எங்க பெரியவருக்கு காதே கேக்காது. பாதி நேரம் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கினு இருப்பாரு. அவரப் பாத்து கோழிகூட நவுராது."

"பாதாள அறைண்ணே?"

"எங்க ஊர்ல மூணடி தோண்டுனா தண்ணி வந்துடும். பாதாள அறை கட்னா உள்ள மீன்தான் வளக்கணும். என்.ஜி.!"

அன்றிலிருந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். இருக்க வேண்டியது, இருப்பது, முடிவு என்று மூன்று கட்டம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இருக்க வேண்டியது: துவைத்துத் துவைத்துப் பழுத்த காட்டன் புடவை. இருப்பது: வெள்ளைப் பட்டு, கண்மை, லிப்ஸ்டிக். முடிவு: என்.ஜி. இருக்க வேண்டியது: மூன்று மணி நேர ஜெபம், அதில் பாதிப் பேர் தூக்கம். இருப்பது: தீப்பந்தம். முடிவு: என்.ஜி. கதை எழுதுகிறவனாகிவிட்ட இப்போது, நான் எழுதிய முதல் தொடர் அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். சேனலுக்கும் அனுப்பி வைத்தோம். "உங்கள் அன்புக்கு நன்றி. தொடர்ந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. "பாத்தியா, ஃபாலோ-அப் கேக்குறாங்க" என்று மகிழ்ந்துபோனார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்கள ஒதுக்கி வச்சவகளுக்காகவாண்ணே இம்புட்டு மல்லுக்கட்டுதீக?" என்று கேட்டேன்.

"எங்கம்மா அங்கதான்டா கீது" என்றார். "தப்பு பண்ணா அந்தத் தப்ப காட்டட்டும். இல்லாத சங்கிலிய இன்னாத்துக்கு காட்டுறான்?"

கடைசியில் செல்விதான் வழி சொன்னாள். "ரிப்போர்ட்ட சேனலுக்கு அனுப்பி இன்னா புண்ணியம்? எங்கம்மாகிட்ட வந்து காட்டுங்க." ஒரு வெள்ளிக்கிழமை ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் ரிப்போர்ட் அட்டையும் மார்க்கருமாகக் கிளம்பினார். துணைக்கு நான்.

ஏழரைக்கு சீரியல் தொடங்கியது. பெரியவர் திரும்பினார், இடி. "என்.ஜி." பெரியவர் விரலில் மோதிரம். "என்.ஜி." கன்னியம்மா முறைத்தார். ஆனால் பாதாள அறை வந்து, அண்ணன் மீன் வளர்க்கிற கணக்கைச் சொன்னதும் அந்த அம்மாவே குலுங்கிச் சிரித்துவிட்டார். "அட ஆமா! நம்ம பக்கம் கக்கூசுக்குத் தோண்டுனாலே ஊத்தெடுக்குது!"

அடுத்த காட்சியில் இடி இல்லை. சபையை விட்டுப் போன மகன் பின்வாசல் பக்கம் வந்து உட்காருகிறான். தாய் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவன் தின்று முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். ஒரு வார்த்தை இல்லை.

"இது சுத்தப் பொய்யி. பெத்தவ அப்டி நிப்பாளா?" என்றார் கன்னியம்மா. "போடுப்பா செவப்பு."

அண்ணன் பச்சை மார்க்கரை எடுத்தார். மூடி இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத் திறந்து, கட்டத்தில் புள்ளி வைத்தார்.

"இது ஓகேம்மா. மாசாமாசம் எங்கம்மாவ பாக்கப் போறேன். பேசக்கூடாதுன்றது கட்டளை, அது பேசாது" என்றார். "ரெண்டாந்தபா சோறு மட்டும் நான் கேக்காமயே வெக்கும். அத உட்டுட்டானுங்க."

கன்னியம்மா டி.வி.யை அணைத்தார். பாதி சீரியலில் அது அணைந்ததே இல்லை போலிருக்கிறது, செல்வி வாயைப் பிளந்தாள். உள்ளே போன அந்த அம்மா தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்புமாக வந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"இத பாரு, எங்க வூட்ல சோறு போடசொல்லோ வாய் மூடாது. நீ கைய கழுவுற வரைக்கும் பேசிக்கினேதான் இருப்பேன். தாங்குவியா, மாப்ள?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஒரு வாய் வைத்தார். குழம்பில் உப்பு தூக்கல், எனக்கே தெரிந்தது. சிவப்பு மார்க்கர் பையை விட்டு வெளியே வரவில்லை. ரெண்டாம் தடவை அவர் கேட்காமலேயே சோறு விழுந்தது.

இந்தக் கதையையும் அவருக்கு அனுப்பத்தான் போகிறேன். முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும். வரட்டும், அந்த மனுஷன் என்றால் எனக்கு அவ்வளவு உயிர்.