சின்னம்மாவுக்கு நான் செய்து வைத்த கலியாணம்

எங்கள் குடும்பத்தில் ஒரு மறுமணம் நடந்தது. அந்தக் காலத்து நீர்வேலியில் அப்படி ஒன்றை வாய்விட்டுச் சொல்லவே ஆட்கள் பயப்படுவார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், மணப்பெண்ணுக்கே விஷயம் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. நடத்தி வைத்தவன் நான்.

யப்பான்காரன் குண்டு போடுவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. நான் சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு, உத்தியோகம் என்னைத் தேடி வரும் என்று வீட்டில் காத்திருந்தேன். (அது வழியில் எங்கேயோ தங்கிவிட்டது, கடைசிவரை வரவில்லை.) ஊரில் யாருக்கு இங்கிலீசில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்து, விளங்காத இடங்களைச் சொந்தச் சரக்கால் நிரப்பி அனுப்புவேன்.

நாகம்மா என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. அவருடைய கணவர் மலைநாட்டில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டார். அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, அவர் கண்ணை மூடினால் பெண்சாதிக்குப் பென்சன் கொடுப்பார்கள். சின்னம்மாவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அதுதான் கஞ்சி. மூத்தவள் பூரணம் பட்டணத்தில் பள்ளிக்கூட விடுதியில் தங்கி இங்கிலீசு படித்துக்கொண்டிருந்ததும் அந்தப் பென்சனை நம்பித்தான்.

பென்சன் வரத் தொடங்கிச் சில மாதத்தில் அரசாங்கக் காரியாலயமான யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்து கடிதம் வந்தது. விதவை நேரில் வந்து தன்னை அடையாளம் காட்ட வேண்டும். சின்னம்மா நடுங்கிப் போனார். புருஷனை இழந்தவள் முதல் வருஷத் திதியான ஆட்டைத்திவசம் முடியும்வரை வேலிப் படலையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷம் முடிய இன்னும் எவ்வளவோ கிடந்தது.

"வெளிக்கிடாமல் என்னெண்டு தம்பி செய்யிறது?"

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ சின்னம்மா. நான் பாத்துக்கொள்ளுறன்."

கச்சேரிக்குப் போய், 'அவ வர ஏலாது, என்ன செய்யலாம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது படிக்காதவன் வேலை என்று அன்றைக்கு எனக்கு ஓர் எண்ணம். நான் மூளையைப் பாவித்தேன். சின்னம்மாவுக்கு அடுத்த தங்கை குஞ்சியம்மா. அதே முகம், அதே உயரம், அதே நடை. கச்சேரியில் இருப்பவனுக்கு எந்த நாகம்மா என்று எப்படித் தெரியப் போகிறது?

குஞ்சியம்மா அக்காவுக்காக எதையும் செய்யக் கூடியவர், ஒன்றைத் தவிர.

"தாலியைக் கழட்டமாட்டன். பொட்டையும் அழிக்கமாட்டன். என்ரை மனுசன் தோட்டத்திலை குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்கை எனக்கென்ன விசரே?"

நியாயமான பேச்சு. ஆகவே தாலியைச் சேலைத் தலைப்பால் மூடுவது என்றும், பொட்டின் மேல் திருநீற்றை அப்பிவிடுவது என்றும் முடிவு செய்தேன். கிளாக்கருக்குக் கொடுக்க ஒரு கதலிக் குலையும் வண்டிலில் ஏற்றினேன். கோட்டும் போட்டுக்கொண்டேன். (சித்திரை வெயில். கோட்டு அப்பாவுடையது.)

கச்சேரியில் எங்களை விசாரித்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரிய கிளாக்கர். நம் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். அதுவே எனக்கு வினையாயிற்று.

"பேரென்ன பிள்ளை?"

"நாகம்மா."

"புருசன்ரை பேர்?"

"செல்லத்துரை" என்றார் குஞ்சியம்மா, கடையில் சாமான் கேட்கிற மாதிரி.

கிளாக்கரின் பேனா நின்றது. எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், செத்தாலும் சொல்லமாட்டார்கள். குஞ்சியம்மாவுக்கு அவர் அத்தான்தானே, அதனால் பெயர் தாராளமாக வந்துவிட்டது. கிளாக்கர் நிமிர்ந்து அவரை வடிவாகப் பார்த்தார். புழுக்கத்தில் திருநீறு கரைந்து வழிந்து, நெற்றியில் குங்குமம் செக்கச்செவேலென்று இருந்தது. குஞ்சியம்மா வியர்வையைத் துடைக்கத் தலைப்பை எடுத்தார். தாலிக்கொடியும் வெளியே வந்தது.

"உது என்ன பிள்ளை கழுத்திலை?"

குஞ்சியம்மா தலைப்பை இழுத்து மூடினார்.

"இப்ப இருக்கிற புருசன்ரை பேர் என்ன?"

குஞ்சியம்மா நாணிக் கோணித் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, நீ சொல்லு" என்றார். நானும் பழக்கதோஷத்தில், "சின்னத்தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஒருத்தன் பெயரைச் சும்மா சொல்கிறாள், மற்றவன் பெயருக்கு வெட்கப்படுகிறாள். "அப்ப மறுமணம் செய்தாச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆள்மாறாட்டத்துக்கு மறியல், கம்பி எண்ண வேண்டும் என்பது என் ஞாபகத்தில் வந்தது. மறுமணத்துக்கு மறியல் இல்லை என்பதும் கூடவே வந்தது. "ஓம் ஐயா" என்றேன். அதோடு நின்றேனா? விதவைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்றும், எங்கள் குடும்பம் அதற்கு வழிகாட்டியிருக்கிறது என்றும் கோட்டோடு நின்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். கிளாக்கர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

"துணிஞ்ச சனம் தான். கலியாணம் கட்டினால் பென்சன் நிண்டுபோம், தெரியுந்தானே தம்பி?"

தெரியாது. "தெரியும் ஐயா" என்றேன். குலையைக் கலியாண வீட்டுப் பலகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சுது சின்னம்மா" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. குஞ்சியம்மாவும் நானும் வாயைத் திறக்கவில்லை. எப்படியாவது சரிவந்துவிடும் என்று கோயில் கோயிலாகச் சுற்றினேன். பென்சன் வரவில்லை. விடுதிக்குக் கட்ட வழியில்லாமல் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ரங்குப் பெட்டியோடு வண்டிலால் இறங்கி, "அண்ணை, அடுத்த தவணைக்குப் போகலாந்தானே?" என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

பிறகு ஒருநாள் காலை ஊர்த் தலைமைக்காரரான விதானையார் படலையடியில் வந்து நின்று செருமினார். "பிள்ளை நாகம்மா, குறை நினையாதை. கச்சேரியாலை கேட்டிருக்கினம். நீ ஆரையோ கட்டியிருக்கிறியாம். எனக்குத் தெரியாமல் ஊரிலை அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே?"

சின்னம்மா வாசலில் அப்படியே இருந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவர்களின் துலாவும் நின்றுவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், அடிப்பார் என்று பார்த்தேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வண்டிலைப் பூட்டு" என்றார்.

ஆட்டைத்திவசத்துக்கு முன்பே சின்னம்மா படலையைத் தாண்டினார். எதைத் தடுப்பதற்காக நான் இவ்வளவும் செய்தேனோ, அதையே செய்ய வைத்தேன். சந்திக்குச் சந்தி ஆட்கள் பார்த்தார்கள். வெள்ளைச் சேலையால் தலையை மூடிக்கொண்டு, பட்டணம் போய்ச் சேரும்வரை அவர் குனிந்தே இருந்தார். விதானையாரும் எங்களோடு வண்டிலில் வந்தார்.

அதே கிளாக்கர்தான் இருந்தார். சின்னம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புருசன்ரை பேர்?"

சின்னம்மா பேசவில்லை. கண் நிறைந்து வழிந்தது. விதானையார்தான் பெயரைச் சொன்னார்.

"முந்தி வந்தது ஆர் அம்மா?"

"என்ரை தங்கச்சி, ஐயா. நான் வெளிக்கிடக்கூடாதெண்டு வந்தவள். இவன் சின்னப் பெடியன். மறியலுக்கு அனுப்பிப்போடாதேங்கோ."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் விதானையாரை வீட்டை அனுப்பியிருப்பமே தம்பி" என்றார். அவ்வளவுதான். என் மேல் வழக்கு வைக்கவில்லை.

ஆனால் மறுமணத்தை எழுதிய வேகத்தில் அதை அழிக்க முடியவில்லை. கடிதம் கொழும்புக்குப் போய், வந்து, மறுபடியும் போயிற்று. பென்சன் திரும்ப வருவதற்குள் பூரணம் பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியப்பட்ட பிள்ளையை விடுதிக்கு அனுப்ப எங்கள் வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அவளுடைய ரங்குப் பெட்டியில் சின்னம்மா பழஞ்சேலைகளை வைத்தார்.

சின்னம்மா என்னை ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. நான் எதற்காவது உதவி செய்யப் புறப்பட்டால் மட்டும், "வேண்டாம் தம்பி, இன்னொருக்கா என்னைக் கட்டிக் குடுத்துப்போடுவாய்" என்பார். வீடு முழுக்கச் சிரிக்கும். சாகக் கிடந்தபோது நான் மருந்து எடுக்க எழும்பியதற்கும் அதையே சொன்னார்.

இப்போது அந்தப் பகிடி பூரணத்திடம் இருக்கிறது. கிளாக்கராகவும் குஞ்சியம்மாவாகவும் அவளே நடித்துக் காட்டுவாள்; என் பிரசங்கத்தை என்னைவிட நன்றாகச் செய்வாள். விடுதியை விட்டு வந்த பகுதியை மட்டும் சொல்லமாட்டாள். அவளுடைய மகளைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று, நான் கூட வரவா என்று கேட்டேன்.

"ஐயோ அண்ணை, பிள்ளையைப் படிக்க விடப் போறன், கட்டிக் குடுக்க இல்லை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய ரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.